உபாதையுற்ற வீரரும் உடலுழைப்பாளரும்: ஒப்பந்தம் யாரைக் காக்கிறது?

உதைபந்தாட்டச் செய்திகளை நாள்தோறும் தவறாது வாசிக்கும் எம்மவர்கள், வீரர் ஒருவர் உபாதையுற்றார், ஆறு மாதங்களுக்குக் களமிறங்கார் என்ற செய்தியைக் கண்டதும், அவரது அணியின் வெற்றி தோல்வியைக் குறித்தே கவலையுறுவது வழக்கம். அந்த ஆறு மாதங்களும் அவருக்கு வேதனம் கிடைக்குமா, சத்திரசிகிச்சைச் செலவு யாருடையது, அவரது ஒப்பந்தத்தைக் கழகம் முறித்துவிட முடியுமா என்ற வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. உண்மையில் இவை உடலை முதலாக வைத்து உழைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய வினாக்கள். ஜெபல் அலியில் கொள்கலன்களுக்கிடையே வேலை செய்யும் தொழிலாளிக்கும், ஐரோப்பிய நகரொன்றின் உணவகச் சமையலறையில் நிற்கும் அகதி இளைஞனுக்கும் இவை பொருந்தும்.

ஆகவே, கோடிகளில் ஊதியம் பெறும் வீரருக்கு உபாதை நேர்ந்தால் நடப்பது என்ன, வளைகுடாவில் எமது உறவினர் ஒருவருக்கு நேர்ந்தால் நடக்கவேண்டியது என்ன என்பவற்றை அருகருகே வைத்து இக்கட்டுரையில் நோக்குகிறோம்.

நெய்மாரின் முழங்கால்

வளைகுடா மண்ணில் இவ்விடயத்தில் யாவரும் அறிந்த உதாரணம் பிறேசில் வீரர் நெய்மாருடையது. 2023 ஓகஸ்டில் பாரிஸ் கழகத்திலிருந்து சவூதி அரேபியாவின் அல் ஹிலால் கழகம் அவரைப் பெருந்தொகை கொடுத்துப் பெற்றுக்கொண்டது. இரண்டே மாதங்களில், ஒக்ரோபர் 17ஆம் நாள், மொன்ரேவிடியோ நகரில் உருகுவேக்கு எதிராகத் தமது நாட்டுக்காக ஆடியபோது, அவரது இடது முழங்காலின் இணைநார் அறுந்தது. சத்திரசிகிச்சையும் நீண்ட ஓய்வும் தேவைப்பட்டன. 2024 ஒக்ரோபர் 21ஆம் நாளே அவர் மீண்டும் களமிறங்கினார். அந்த ஆட்டம் நடந்தது ஐக்கிய அரபு எமிரேற்றுகளின் அல் ஐன் நகரில். இரண்டு வாரங்களில் அடுத்த ஆட்டத்திலேயே தொடைத்தசை உபாதையால் மீண்டும் வெளியேறினார்.

2025 ஜனவரியில், லீக் போட்டிகளின் இரண்டாம் பாதிக்கு அவரைப் பதிவுசெய்யப் போவதில்லை எனக் கழகம் அறிவித்தது. அதே மாதம் 27ஆம் நாள், இருதரப்பு இணக்கத்துடன் ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததாகச் செய்தி வெளியானது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அவர் அக்கழகத்துக்காக ஆடிய ஆட்டங்கள் 7 மட்டுமே.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆடாத வீரரைப் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கக் கழகத்தால் முடிந்தது. சம்பளப் பட்டியலிலிருந்து தன்னிச்சையாக நீக்க முடியவில்லை. பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு. எஞ்சிய மாதங்களுக்கான வேதனம் அவருக்குரிய கடனாக நின்றமையாற்றான் கழகம் அவருடன் மேசையில் அமர்ந்து பேசவேண்டியதாயிற்று.

விதிகள் கூறுவது

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிகளின்படி, ஒப்பந்தம் அதன் காலம் முடியும்வரை மதிக்கப்படவேண்டும். முறிப்பதாயின் நியாயமான காரணம் வேண்டும். காயமோ நோயோ அத்தகைய காரணம் ஆகாது என்பதை, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் நிலைநாட்டியுள்ளது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லுபடியாகும் என நிபந்தனை விதிப்பதையும் பீபா தடைசெய்துள்ளது. பரிசோதனையைக் கழகம் கையொப்பத்துக்கு முன்னரே செய்துகொள்ளவேண்டும். பின்னர் குறை கண்டுபிடித்துத் தப்ப முடியாது.

இரண்டு மாத வேதனம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பின்னர், வீரர் தாமே ஒப்பந்தத்தை முறித்து நட்டஈடு கோரலாம் என்ற விதி 2018இல் வந்தது. வீரரைத் தானாக விலகச்செய்யும் நோக்கில் கழகம் துன்புறுத்துமாயின், அதுவும் வீரர் பக்க நியாயமாகக் கொள்ளப்படும்.

நாட்டுக்காக ஆடும்போது காயமுற்றால் சுமை யாருடையது? இதற்கும் ஒரு வழக்கே வழிதிறந்தது. 2004 நவம்பரில் மொறோக்கோ அணிக்காக ஆடிய அப்தல்மஜித் உல்மேர்ஸ் காயமுற்றுப் பல மாதங்கள் ஆடமுடியாது போனார். அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த பெல்ஜியத்தின் ஷார்ல்றுவா கழகம் பீபாவின் மீது வழக்குத் தொடுத்தது. ஐரோப்பாவின் பெருங்கழகங்கள் அதன் பக்கம் நின்றன. 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2012 முதல் பீபாவே ஒரு காப்புறுதித் திட்டத்தை நடத்துகிறது. தேசிய அணிக்காக ஆடிக் காயமுற்றவர் 28 நாட்களுக்கு மேல் ஆடமுடியாதிருந்தால், அவரது வேதனத்துக்காக நாளொன்றுக்கு 20,548 யூரோ வரையும், ஓராண்டில் 7.5 மில்லியன் யூரோ வரையும் வழங்கப்படுகிறது. இப்பணம் வீரரின் கையிற் செல்வதில்லை, கழகத்துக்கே செல்கிறது. ஏனெனில் வீரருக்கு வேதனம் கொடுக்கவேண்டிய கடமை எந்நிலையிலும் கழகத்தினுடையது.

இங்கிலாந்தின் முதன்மை லீக் கழகங்கள் கையாளும் பொது ஒப்பந்தப் படிவத்தில், ஆட்டத்திலோ பயிற்சியிலோ காயமுற்றவருக்கு 18 மாதங்கள் வரை அடிப்படை வேதனம் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஏனைய நோய்களாயின் 12 மாதங்கள்.

யேர்மனியில் வாழும் எமது வாசகர்களுக்கு இன்னொரு செய்தி வியப்பூட்டலாம். அந்நாட்டின் முதற்றர லீக்கில் ஆடும் வீரருக்கு, காயமுற்ற முதல் 6 வாரங்கள் கழகம் முழு வேதனத்தையும் கொடுக்கிறது. அதன்பின் சட்டரீதியான விபத்துக் காப்புறுதி நிறுவனம், உச்சவரம்புக்கு உட்பட்டு, உபாதைக்காலக் கொடுப்பனவை வழங்குகிறது. உணவகத்தில் வேலைநேரத்தில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்ளும் தொழிலாளியைக் காப்பதும் இதே சட்ட ஏற்பாடே. முதலாளி பதிவுசெய்யாது வேலைக்கு வைத்திருந்தாலும் இக்காப்புறுதி அற்றுப்போவதில்லை. இதனை அறியாமல், பயத்தினால் விபத்தை மறைத்து, சொந்தப் பணத்தில் மருந்து வாங்கும் எம்மவர்கள் இன்றும் உள்ளனர்.

ஜெபல் அலியில் நிலைமை

டுபாய் நகருக்குத் தென்மேற்கே 1979இல் திறக்கப்பட்ட ஜெபல் அலித் துறைமுகமும், 1985இல் அதனையொட்டி அமைக்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயமும், தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற பல்லாயிரம் கைகளின் உழைப்பைப் பெற்றவை. எம்மவர் குடும்பங்களில் வளைகுடாப் பணத்தால் கரைசேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒருவரது முழங்கால் நொறுங்கினால் சட்டம் என்ன சொல்கிறது?

2022 பெப்ரவரி 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தின்படி, வேலையின்போது காயமுற்றவரின் சிகிச்சைச் செலவு முழுவதும் முதலாளியையே சாரும். சிகிச்சைக் காலத்தில் 6 மாதங்கள் வரை முழு வேதனமும், குணமாகாவிடின் அடுத்த 6 மாதங்கள் வரை அரை வேதனமும் கொடுக்கப்படவேண்டும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் அதன் அளவுக்கேற்ப நட்டஈடு உண்டு. மரணம் நேரின் 24 மாத அடிப்படைச் சம்பளம் குடும்பத்துக்கு உரியது. அத்தொகை 18,000 திர்ஹத்துக்குக் குறையவோ 200,000 திர்ஹத்தைத் தாண்டவோ கூடாது. 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் உச்சவரம்பு 35,000 திர்ஹமாகவே இருந்தது.

வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்கும், மதுபோதையில் இருந்தவருக்கும், எழுதி ஒட்டப்பட்ட பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறியவருக்கும், தக்க காரணமின்றிச் சிகிச்சையை மறுத்தவருக்கும் இந்நட்டஈடு மறுக்கப்படலாம்.

வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற எமது சகோதரிகளுக்குத் தனியான சட்டம் உள்ளது. அதன்கீழ் நோய் விடுமுறை ஆண்டுக்கு 30 நாட்கள் மட்டுமே. அவற்றில் 15 நாட்களுக்கே வேதனம் உண்டு.

விடுமுறை நாளின் ஆட்டம்

உதைபந்தாட்டமும் உடலுழைப்பும் நேருக்குநேர் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. வளைகுடாவில் விடுமுறை நாட்களில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, அணிக்கு எழுவராக உதைபந்தாடுவது நெடுங்கால வழக்கம். கேரள நண்பர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த செவன்ஸ் ஆட்டத்தில் எம்மவர்களும் ஆர்வத்துடன் கலந்துகொள்வர்.

அந்தக் களத்தில் ஒருவரது முழங்கால் இணைநார் அறுந்தால் அது நெய்மாருக்கு நேர்ந்த அதே காயந்தான். ஆனால் நெய்மாருக்கு ஆட்டமே வேலை. இவருக்கு ஆட்டம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. ஆதலால் இது வேலைவிபத்து ஆகாது. சாதாரண நோய் விடுமுறை விதியே பொருந்தும். தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாட்கள்: முதல் 15 நாட்கள் முழு வேதனம், அடுத்த 30 நாட்கள் அரை வேதனம், எஞ்சிய 45 நாட்கள் வேதனமில்லை. தொண்ணூறு நாட்களும் கழிந்து வேலைக்குத் திரும்ப இயலாதவரை, உரிய கொடுப்பனவுகளைத் தீர்த்து நிறுத்திவிட முதலாளிக்கு உரிமையுண்டு. அறுந்த இணைநாருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் பாரம் தூக்குவதற்குப் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு மேலாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கணக்கின் கடுமை விளங்கும்.

ஆடவேண்டாம் என்று நாம் கூறவில்லை. வெயிலில் ஆறு நாள் வெந்தவருக்கு ஏழாம் நாளின் பந்து ஒரு மருந்து. ஆயினும் டுபாயில் முதலாளி கட்டாயம் எடுத்துக் கொடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி அட்டை கையில் உள்ளதா, விளையாட்டுக் காயத்தை அது ஏற்குமா எனக் கேட்டறிந்த பின்னர் களமிறங்குவதே அறிவுடைமை.

ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி பெறும் செவன்ஸ் வீரர்களின் நிலை இதனினும் மோசம். கொல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கு ஆடிய கேரள வீரர் தனராஜன், 2019 டிசம்பர் 29ஆம் நாள், பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் போட்டியொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து உயிர் நீத்தார். ஒப்பந்தமற்ற இத்தகைய ஆட்டங்களில், வீரர் வீழ்ந்தபின் குடும்பம் நம்பியிருக்கவேண்டியது சட்டத்தை அன்று, பிறரது இரக்கத்தையே.

இணக்கம் என்னும் சொல்

நெய்மாரின் விடயத்தில் முடிவுச் சொல்லாக வந்தது இருதரப்பு இணக்கம். காயமுற்ற தொழிலாளியின் முன்னால் வைக்கப்படும் தாளிலும் பெரும்பாலும் இதே சொல்லே இருக்கும். தமக்குரிய யாவும் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாளில் ஒப்பமிட்டு, விமானச் சீட்டுடன் ஊன்றுகோலில் ஊர் திரும்பியவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். நெய்மாரின் பக்கத்தில் சட்டத்தரணிகள் அமர்ந்திருந்தனர். முகாமின் அடுக்குக்கட்டிலில் கிடப்பவர் பக்கத்தில் எவருமில்லை. ஊரில் கடன்காரர் மட்டுமே காத்திருக்கிறார். ஒரு தரப்பு அறியாமலும் அஞ்சியும் இடும் கையொப்பத்தை இணக்கம் என்று எவ்வாறு கூறுவது?

எனவே, வளைகுடாவில் உறவினரைக் கொண்ட ஒவ்வொரு குடும்பமும் பின்வருவனவற்றை அவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டும் என வேண்டுகிறோம்.

முதலாவது, ஒப்பந்தத்தின் பிரதி. எமிரேற்றுகளின் மனிதவள அமைச்சின் பொது ஒப்பந்தம் பல மொழிகளில் உள்ளது. தமிழும் அவற்றில் ஒன்று. அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். மரண நட்டஈடு அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுவதால், அடிப்படையைக் குறைத்துப் படிகளைக் கூட்டி எழுதிய ஒப்பந்தம் பின்னர் குடும்பத்துக்கே நட்டமாகும்.

இரண்டாவது, மருத்துவ அறிக்கை. காயமுற்ற நாளன்றே விபத்து எங்கே, எவ்வேலையில் நிகழ்ந்தது என்று பதிவாகவேண்டும். அறையில் விழுந்ததாகச் சொல் என்று மேற்பார்வையாளர் கேட்டால் உடன்படலாகாது. அந்த ஒரு வாக்கியம் ஓராண்டு வேதனத்தைத் தொண்ணூறு நாளாக்கிவிடும்.

மூன்றாவது, முறைப்பாடு. சுதந்திர வலய நிறுவனங்களில் வேலை செய்வோர் முதலில் வலய நிர்வாகத்திடமும், ஏனையோர் மனிதவள அமைச்சிடமும் முறையிடலாம். 100,000 திர்ஹத்துக்கு மேற்படாத கோரிக்கைகளுக்குத் தொழிலாளி நீதிமன்றக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொழிலுறவு முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். முன்னர் இது ஓராண்டாக இருந்தது. ஊர் திரும்பிய பின்னரும், முறைப்படி உறுதிசெய்த அற்றோணித் தத்துவத்தின் மூலம் வழக்கை நடத்தலாம்.

நான்காவது, தாய்நாட்டுக் காப்புறுதி. இந்தியாவிலிருந்து குடியகல்வு அனுமதி பெற்றுச் செல்வோருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா திட்டம், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபா வழங்குகிறது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றவர்களுக்கும் காப்புறுதி உண்டு. பதிவின்றி, சுற்றுலா அனுமதியில் வேலைக்குச் செல்வோர் இவ்விரண்டையும் இழக்கின்றனர்.

உதைபந்தாட்ட வீரர்களுக்கு இன்றுள்ள பாதுகாப்பு கழகங்களின் கருணையால் வந்ததன்று. சங்கம் அமைத்தும், வழக்காடியும், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் கையொப்பமிட்டும் பெற்ற பாதுகாப்பு அது. எமிரேற்றுகளில் தொழிற்சங்கம் அமைக்க இடமில்லை. அங்குள்ள தொழிலாளிக்கு எஞ்சியிருப்பவை எழுதிய சட்டமும், கையிலுள்ள ஒப்பந்தப் பிரதியும், தொலைவிலிருந்து அவருக்காகக் குரல் கொடுக்கும் உறவுகளுமே. இவ்வார இறுதியில் ஜெபல் அலிக்குத் தொலைபேசி எடுக்கும் வாசகர்கள், நலம் விசாரித்த கையோடு, ஒப்பந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்பார்களாக.