கடைசி இலைக்குத் தண்ணி வரலை!

கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்த அனுபவம் உண்டா சார்? பாயச வாளி முதல் இலையிலிருந்து ஜோராகக் கிளம்பும். நடுவில் மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், "இங்கே இன்னொரு கரண்டி" என்பார். அவ்வளவுதான், வாளி காலியாகி சமையல்கட்டுக்கே திரும்பிவிடும். நம் இலையில் அப்பளம் மட்டும் பரிதாபமாக முழிக்கும்.

இந்த அநியாயம் ஒரு கார் இன்ஜினுக்குள்ளேயே நடந்தது. அதுவும் ஜப்பான்காரன் செய்த இன்ஜினில்!

மாஸ்டா எம்.எக்ஸ்-5. அமெரிக்காவில் செல்லப்பெயர் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே ஸீட், மடக்கிவிடுகிற கூரை. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. அழகெல்லாம் புதுசு. இன்ஜின் மட்டும் மாஸ்டா 323 என்கிற சாதுவான குடும்பக் காரின் வம்சம்.

323-ல் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஒரு முனையில் பம்ப் வழியாக நுழைந்து, நாலு சிலிண்டரையும் குளிப்பாட்டி, மறுமுனையில் வெளியேறும். நியாயமான பந்தி! மியாட்டாவில் அதே இன்ஜினை நீளவாட்டில் திருப்பி வைத்தார்கள். மறுமுனை, டிரைவர் கால்மாட்டுத் தகரச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ரேடியேட்டருக்கு ஹோஸ் இழுக்க இடமேது? சரி என்று தெர்மோஸ்டாட்டை முன்பக்கம் மாற்றினார்கள். இப்போது உள்ளே போகிற வழியும் முன்னால், வெளியே வருகிற வழியும் முன்னால். தண்ணீரும் நம்மைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் சுற்றுவழி போகாது. முன்பக்கத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெரும்பகுதி திரும்பிவிடும். பின்கோடியில் இருக்கும் நாலாம் சிலிண்டருக்கு, ஹீட்டருக்குப் போகிற சின்னக் குழாய் இழுத்து வருகிற தண்ணீர்தான் கதி.

ஆபீஸ் போய் வருகிற மியாட்டாவுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. டர்போ மாட்டினவர்களுக்கும், ரேஸ் டிராக்கில் விரட்டுகிறவர்களுக்கும்தான் வயிற்றில் புளி. நாலாவது சூடேறி 'நாக்' அடிக்கும். முற்றிப்போனால் கேஸ்கட் போகும், அலுமினிய ஹெட் வளையும். அதற்கப்புறம் பர்ஸும் வளையும்.

அதனால் வீட்டு ஷெட்டிலேயே ஆபரேஷன் ஆரம்பித்தார்கள். முன்பக்க தெர்மோஸ்டாட்டைக் கழற்று. அந்த வாயைத் தகடு வைத்து அடை. ஹெட்டின் பின்பக்கம் கொண்டுபோய் மாட்டு. அங்கிருந்து நீளமாக ஒரு ஹோஸ், இன்ஜினின் விலாவை ஒட்டி ரேடியேட்டர் வரை. முடிந்தது!

படிக்க முடிந்தது. கையை உள்ளே விட்டால்தான் தெரியும் சங்கதி. தகரச் சுவர் முழங்கையை உரிக்கும். கேம் ஆங்கிள் சென்சார் குறுக்கே நிற்கும். போல்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் திருகணும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு கதவு. சுமார் 88 டிகிரியில் மெழுகு உருகி விரிந்தால்தான் திறக்கும். கதவு மூடியிருக்கும்போதும் அதை உரசிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் ஓடணும். அதற்காகத்தான் ஹீட்டர் குழாயைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரித்துவிடுவது. 'ஹீட்டர் எதுக்கு?' என்று அதையும் அடைத்து, வேறு வழியும் விடாத புத்திசாலிகளுக்கு என்ன ஆகும்? உள்ளே வீடு பற்றி எரியும், வாட்ச்மேன் வாசலில் குறட்டை விடுவார்!

வேலை முடிந்ததும் உள்ளே சிக்கின காற்றை வெளியேற்றணும். காரின் மூக்கை மேடேற்றி நிறுத்தி, ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, பொறுமையாக ஊற்றணும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சிந்தின கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கினால் செத்தே போகும், பாவம்.

என்னைக் கேட்டால், கம்பெனி கொடுத்தபடியே ஓடுகிற காரில் இந்த விளையாட்டு வேண்டாம். இந்த ஞானம் சும்மா வரவில்லை. என் பழைய காரின் தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் ஒருத்தர் கேட்காமலே கழற்றி எறிந்துவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" அக்னி நட்சத்திரத்து 40 டிகிரி நமக்குத்தான் வெயில். 88 கேட்கிற இன்ஜினுக்கு அது மார்கழி! வண்டி குளிரிலேயே ஓடி, பெட்ரோலை மொடமொடவென்று குடித்தது. மூணு மாசம் பங்க் பில்லைப் பார்த்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டபின், புதுசு ஒன்று வாங்கி அவரிடமே கொண்டுபோனேன்.

உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"போட்டுத் தர்றேன் சார். ஆனா இன்ஜின் சூடாகுமே, பரவாயில்லையா?"