இரண்டும் தண்ணீர்தானே?

"டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க. தெம்பா இருக்கும்!"

நம் ஊர் கிளினிக்குகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. தலைகீழாகத் தொங்கும் பாட்டில் எதுவானாலும் நமக்கு அது குளுக்கோஸ்தான். பல சமயம் அதில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர், அதாவது சலைன்.

ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 9 கிராம் உப்பு. கிருமி நீக்கி அடைத்தால் சலைன் ரெடி. மருந்துக் கடையில் இதே போல இன்னொன்றும் உண்டு: ஸ்டெரைல் வாட்டர். கிருமியும் கிடையாது, உப்பும் கிடையாது. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. "தண்ணி சுத்தமா இருந்தாப் போதாதா? உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

பதில் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. பாயசத்துக்கு எடுத்த உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், உப்பிப் போகும். மாவடுவை உப்பில் போடுங்கள், தண்ணீர் விட்டுக்கொண்டு சுருங்கிப் போகும். உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்கும் இதே கதிதான். வெறும் ஸ்டெரைல் வாட்டரை நிறைய அளவில் ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி, உப்பி, வெடித்துவிடும். சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்து. 9 கிராம் உப்பு இருந்தால் அணுக்கள் உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

1832-ல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது, தாமஸ் லாட்டா என்ற டாக்டர் சாகக் கிடந்தவர்களின் ரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள். வாந்தி, பேதியில் உடம்பு வற்றிப் போனவருக்கு இன்றைக்கும் சலைன் அமிர்தம்தான். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலே பெரும்பாலும் போதும்.

ஆனால் தெம்புக்கு? அரை லிட்டர் சலைனில் நாலரை கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்போ, இதயக் கோளாறோ உள்ள மாமியாருக்கு, "சும்மா ஒண்ணு ஏத்துங்களேன்" என்று நாமே சிபாரிசு செய்வது சரிதானா? நிஜமான குளுக்கோஸ் பாட்டிலே ஆனாலும் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான். இரண்டு இட்லி சாப்பிட்டால் ஏறக்குறைய அதே தெம்பு!

அப்படியானால் ஸ்டெரைல் வாட்டர் எதற்கு? பொடியாக வரும் ஊசி மருந்தைக் கரைக்க. அதற்கு ஐந்து, பத்து மில்லிதான் வேண்டும். எந்த மருந்தை எதில் கரைப்பது என்பது டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரியும்.

இனி வீட்டு விஷயம். கைக்குழந்தைக்கு மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறினால் டாக்டர் சலைன் சொட்டு எழுதித் தருவார். அதற்குப் பதில் வெறும் தண்ணீரை விடக் கூடாது. ஆற்றில் முங்கும்போது மூக்கில் நீர் ஏறினால் சுர்ரென்று எரிகிறதே, அந்த எரிச்சல்தான் குழந்தைக்கும். குழாய்த் தண்ணீரோ அதைவிட மோசம். அதிலுள்ள அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரைப் பறிப்பது அபூர்வமாகவேனும் நடக்கிறது. உப்பைக் கண் மதிப்பாகப் போட்டு நாமே கரைப்பதும் வேண்டாம். சின்னக் குப்பியின் விலை சொற்பம்தானே.

வீசிங் உள்ள குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறீர்களா? மருந்தோடு சேர்க்கச் சொல்வது சலைனைத்தான். தீர்ந்துவிட்டது என்று வெறும் தண்ணீரை ஊற்றினால், அந்த ஆவியே மூச்சுக்குழலைச் சுருக்கி இழுப்பை அதிகமாக்கக்கூடும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு வாங்கிய டிஸ்டில்டு வாட்டரையும் தொடாதீர்கள். அதில் உப்பு இல்லையே தவிர, கிருமி இல்லை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பொடியாக வரும் சிரப்புக்கோ நேர்மாறு. கூடவே ஸ்டெரைல் வாட்டர் குப்பி தந்திருந்தால் அதையே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொதித்து ஆறிய நீர். முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு பாட்டிலில் உள்ள குறி வரை நிரப்புங்கள். கலந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள். அநேகமாக ஏழு நாள்தான் கணக்கு, லேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த ஸ்டெரைல் வாட்டர் குப்பியில் மிச்சமிருந்தால் அடுத்த தடவைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.