கோடை கழிந்த கொல்லையும் ஆடிப் பட்டமும்

மதுரைச் சீமையில் வீட்டுத் தோட்டம் போடுவோருக்குக் குறைவில்லை. தை பிறந்ததும் கொல்லையிலும் கிணற்றடியிலும் பாத்தி கட்டி, கத்தரியும் வெண்டையும் தக்காளியும் வைத்து, பந்தலில் பீர்க்கையும் பாகலையும் ஏற்றிவிடுகிறார்கள். பங்குனி வரையில் காய் வருகிறது; காய்கறிச் செலவும் ஓரளவு குறைகிறது. சித்திரையில் அக்கினி நட்சத்திரம் வந்து சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. கிணற்றில் நீர் இறங்கிவிடுகிறது. குடிநீரையே குடக்கணக்கில் எண்ணிச் செலவிட வேண்டியிருக்கிறது. வாடிய செடிகளைக் காணச் சகியாமல் வீட்டார் கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், இவ்வாறு கைவிடப்பட்ட பாத்திகள் பலவற்றை நாம் பார்த்து வருகிறோம். சென்ற ஆண்டு காய் கொடுத்த நிலத்தில் இவ்வாண்டு கோரையும் அறுகும் மண்டியிருக்கும். கோடையின் கொடுமையால் அழிந்த தோட்டங்களைவிட, கோடைக்குப் பின் எடுத்துக் கட்டுவாரின்றி அழிந்த தோட்டங்களே அதிகம் என்பது நமது எண்ணம். ஆண்டு முடிவில் சங்கம் சரக்கிருப்பை எண்ணுகிறது, வாராக்கடனைத் தள்ளுகிறது, மிச்சத்தை அடுத்த ஆண்டுக் கணக்குக்குக் கொண்டு செல்கிறது. அம்முறையிலேயே தோட்டத்தின் கணக்கையும் முடிக்க வேண்டும் என்பதே இங்கு நாம் கூற விரும்புவது.

காலம் அறிதல்

அக்கினி நட்சத்திரம் மே மாதம் 28 ஆம் தேதி வாக்கில் கழிகிறது. ஆடிப் பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3 ஆம் தேதியில் வருகிறது. இடைப்பட்ட இரண்டு மாதங்களும் தோட்டத்தை ஒழுங்கு செய்வதற்கு வாய்த்த காலமாகும். தென்மேற்குப் பருவத்தின் மழையைப் பெரும்பாலும் மேற்கு மலைகளே வாங்கிக்கொள்வதால், ஆனியிலும் ஆடியிலும் மதுரைச் சமவெளிக்குக் காற்றுதான் மிகுதியாக வருகிறது. நமக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்கிறது. ஆகவே காற்றுக் காலத்தில் மண்ணைக் காத்து, மழைக் காலத்திற்கு அதை ஆயத்தம் செய்து வைப்பதே அறிவுடைமை.

எதை நீக்குவது, எதை வைப்பது

முதல் வேலை, தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து செடிகளைத் தரம் பிரிப்பது. காய்ந்தவை எல்லாம் செத்தவை அல்ல. கத்தரியின் அடித்தண்டு பச்சையாக இருந்தால், தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, எருவிட்டு நீர் பாய்ச்சினால் மறுதாம்பாகத் தழைத்துக் காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த பி.கே.எம்.1 செடிமுருங்கையை, காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடியும் கிளைத்துப் பயன் தரும். கறிவேப்பிலையையும் இப்பொழுது கவாத்துச் செய்யலாம்.

நரம்பு மஞ்சளித்த வெண்டையை ஒரு நாளும் வைத்திருக்கலாகாது. அந்நோயை வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கிறது. பந்தலின் கீழ் விழுந்து அழுகிய பாகற் பிஞ்சுகளையும் பீர்க்கம் பிஞ்சுகளையும் அப்படியே விட்டால், அவற்றிலுள்ள பழ ஈயின் புழு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, அடுத்த பட்டத்திற்குக் காத்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். எரிப்பது நோய்ப்பட்டவற்றை மட்டுமே. மற்ற தண்டு, இலை, சருகு யாவும் எருக்குழிக்கு உரியவை. அவற்றை நறுக்கிச் சாணக் கரைசல் தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்து, இடையிடையே புரட்டிவிட்டால் ஏறக்குறைய 90 நாட்களில் மக்கிவிடும். வைகாசியில் போட்ட குப்பை ஆவணியில் எருவாகக் கைக்கு வரும்.

வேரைப் பாருங்கள்

தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றைப் பிடுங்கியதும் வேரை உதறிப் பார்க்க வேண்டும். வேரில் சிறு சிறு முடிச்சுகள் காணப்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. “தண்ணீர் போதவில்லை, செடி வாடிவிட்டது” என்று நாம் வெயிலின்மீது சுமத்தும் பழியில் ஒரு பங்கு இந்தப் புழுவைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அந்தப் பாத்தியில் அடுத்த பட்டத்திலும் இம்மூன்றையே வைத்தால் நட்டம் உறுதி. செண்டுமல்லி வைத்தால் புழு குறையும். பூவும் சந்தைக்கு ஆகும். வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் நல்லது.

இப்புழுவையும் மண்ணிலுள்ள பூசணங்களையும் வெயிலைக் கொண்டே ஒடுக்கும் முறை ஒன்று உண்டு. இஸ்ரேல் நாட்டு அறிஞர் காட்டானும் அவர்தம் குழுவினரும் 1976 ஆம் ஆண்டில் இதனை உலகறியச் செய்தனர். பாத்தியைக் கிளறிச் சமன்செய்து, நன்றாக நனைத்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை மண்ணிட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். ஈர மண் உள்ளே வெந்து, மேல்மண்ணிலுள்ள கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். கறுப்பு விரிப்பைவிட ஒளி புகும் விரிப்பில்தான் சூடு நன்றாக ஏறும். நம்மை வாட்டும் வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

விதை இருப்பு

அடுத்த பட்டத்தின் முதலீடு விதையே. கோடையைத் தாங்கி நின்று காய்த்த செடி, அதனாலேயே விதைக்குத் தகுதி பெற்றதாகும். அத்தகைய செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் விட வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். வெண்டையும் பீர்க்கும் செடியிலேயே நெற்றாகட்டும். தக்காளி விதையைச் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவி எடுக்க வேண்டும். மொட்டைமாடியின் கொதிக்கும் தளத்தில் விதையைக் காயப்போட்டால் முளைப்புத்திறன் கெடும். நிழலில் உலர்த்துவதே முறை. சாம்பல் கலந்து சுரைக்குடுக்கையில் வைத்த நம் பாட்டிமாரின் வழக்கம் இன்றும் பயன்படும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம். அதன் சந்ததி தாய்ச்செடியை ஒத்திராது.

1965 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரை வேளாண்மைக் கல்லூரி தந்த எம்.டி.யு.1 கத்தரி, கள்ளம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. குடியானவர் வீட்டில் பேணிய விதையே கல்லூரியின் ரகத்திற்கு மூலமாயிற்று என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மண்ணைத் திறந்து போடற்க

செடிகளைப் பிடுங்கிப் பெருக்கித் துப்புரவாக வைத்த வெறும் பாத்தி கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால் ஆனிக் காற்று அதன் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். வைக்கோல், கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றுள் கிடைத்ததைப் பரப்பி மூட வேண்டும். கோடை மழை ஒன்று கிடைத்தாலும் தட்டைப்பயறோ கொழுஞ்சியோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மண்ணோடு மடக்கி மிதித்துவிடலாம். வற்றிய கண்மாயின் வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்துவரவும் இதுவே காலம். செம்மண் தோட்டத்திற்கு வண்டல் பெரும் பலம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கோ மக்கிய எருவே போதும்.

நெசவாளர் இல்லங்களுக்கு

செல்லூரிலும் கைத்தறி நகரிலும் மற்றுமுள்ள நெசவாளர் குடியிருப்புகளிலும், நீர் அரிதாகும் காலத்தில் கையில் கிடைத்த நீரைச் செடிக்கு ஊற்றும் ஆவல் எழுவது இயல்பு. சாயப்பட்டறை நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள காஸ்டிக் சோடாவும் உப்பும் மண்ணை இறுக்கிக் களர்போல் ஆக்கிவிடும். உண்ணும் காய்க்கும் சாயக்கழிவு ஆகாது. பாவுக்குப் போட்டு மிஞ்சிய வெறும் அரிசிக் கஞ்சியை நீர் கலந்து எருக்குழியில் ஊற்றலாம். மயில்துத்தம் சேர்த்த கஞ்சியை அதிலும் ஊற்றலாகாது. சாயமேறாத பருத்திக் கழிவுநூல் பாத்தி மூடுவதற்கு உதவும். மெதுவாக மக்கி மண்ணோடும் சேரும்.

சங்கம் செய்யக் கூடியது

பாலிதீன் விரிப்பை ஒரு வீட்டார் தனியே வாங்குவது சிரமம். பத்து வீட்டார் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தினால் சுமை தெரியாது. ஒரு வண்டி வண்டலைப் பங்கிடுவதும் அவ்வாறே. ஆனி மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பிடி விதை கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றோடு ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும். எத்தனை குடம் நீர் சென்றது, எத்தனை கிலோ காய் வந்தது, சித்திரையில் எது நின்றது, எது போயிற்று என்று எழுதி வைப்பவர், கொத்தவரையும் தட்டைப்பயறும் குறைந்த நீரில் பிழைத்ததைக் காண்பார். வரும் கோடையில் தக்காளிக்கு இடம் குறைத்து அவற்றுக்கு இடம் தருவார். ஆனி மூன்றாம் வாரத்தில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றங்கால் போட்டுவிட வேண்டும். ஆடியில் அவரை, புடல், வெண்டை ஆகியவற்றை நேரே ஊன்றலாம். இவ்வாண்டு ஆனிக் கூட்டத்திற்கு வரும் உறுப்பினர்கள், விதைப் பொட்டலத்தோடு குறிப்பேட்டையும் மறவாமல் கொண்டு வருவார்களாக.