‘டக் டக்’ சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள்

சென்னையை ஒட்டிய குமணன்சாவடியில் தலைக்கு மேலே மெட்ரோ பாதை, கீழே சாலையோரம் ஜெராக்ஸ் கடைகளும் போட்டோ ஸ்டூடியோக்களும். ஊர்க்காரர்களின் கல்யாணப் படங்கள் இப்படிப்பட்ட கடைகளில் ஏதோ ஒரு ஹார்டு டிஸ்க்கை நம்பித்தான் இருக்கின்றன.

பல டிஸ்க்குகள் சொல்லிவிட்டுத்தான் சாகின்றன. ஃபைல் திறக்க நேரமாகும், விண்டோஸ் அடிக்கடி உறையும். மோசமான அறிகுறி, உள்ளிருந்து வரும் ‘டக் டக்’ சத்தம். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேல், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், தொடாமல் மிதக்கிறது படிக்கும் முனை. அந்த முனை தடம் தெரியாமல் தவிக்கும் ஓசைதான் இந்த ‘டக் டக்’. அப்போது கணினியைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது கொடுமை; தட்டே கீறிப்போகலாம்.

சத்தமில்லையா? முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், சில நேரம் குற்றவாளி அதுதான். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைத் திறக்கலாம். பழுதான பகுதிகளைக் காட்டும் ‘ரீஅலோகேட்டட் செக்டார்’, ‘பெண்டிங் செக்டார்’ எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன் தரவை நகலெடுத்துவிட வேண்டும். முக்கியமான படங்கள் முதலில். சென்னை ரிச்சி தெருவில், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டால் பழைய கணினியும் சுறுசுறுப்பாகும். ஆனால் எஸ்எஸ்டி சத்தமே போடாமல் ஒரே நாளில் போய்விடக்கூடும், அதனால் இன்னொரு டிஸ்க்கிலும் பிரதி அவசியம்.

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளம்போல் தண்ணீர் புகுந்தால் கதையே வேறு. நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் எடுத்துப் போக வேண்டும்.