ஆஃப் செய்து ஆன் செய்தால் அதே எண்கள்... குட்டிக் கருவிகளின் 'பகடை' ரகசியம்!

லூடோ விளையாட ஆர்டுயினோ போர்டில் ஒரு டிஜிட்டல் பகடை செய்கிறான் ஒரு பள்ளி மாணவன் என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தினால் 3, 1, 6 என்று ஏதோ ஓர் எண் வரும். ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். அதே எண்கள், அதே வரிசையில்!

போர்டு பழுதில்லை. சிப் எதையும் குலுக்கிப் போடுவதில்லை. ஒரு சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டே அடுத்தடுத்த எண்களைத் தருகிறது. அந்தக் கணக்கு தொடங்கும் எண்ணுக்கு 'சீட்', அதாவது விதை என்று பெயர். விதை மாறாவிட்டால் விளைச்சலும் மாறாது.

இதற்கு ஆர்டுயினோ பிரியர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. எதனோடும் இணைக்காத அனலாக் பின்னில் தட்டுப்படும் மின் இரைச்சலை அளந்து, அதையே விதையாக்கிவிடுவார்கள். 'ஊனோ' போர்டில் அந்த அளவு 0 முதல் 1023 வரைதான். லூடோவுக்கு அது போதும். பூட்டு சாவிக்கு?

2012-ல் நாடியா ஹெனிங்கர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் நால்வர், இணையத்தில் இருக்கும் பாதுகாப்புச் சாவிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆர்.எஸ்.ஏ முறையில் இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி வரும் விடைதான் ஊருக்குக் காட்டும் சாவி. விடையை வைத்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாத காரியம். ஆனால், இரண்டு கருவிகளின் சாவிகளில் ஒரு பகா எண் பொதுவாக இருந்தால், பள்ளியில் படித்த மீ.பொ.வ. கணக்கே போதும், இரண்டு பூட்டும் திறந்துவிடும். அப்படிச் சுமார் 64,000 கருவிகளின் ரகசியச் சாவிகள் அவர்கள் கைக்கு வந்தன!

சிக்கியவை பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் மாதிரியான கருவிகள். கம்ப்யூட்டருக்கு மவுஸ் அசைவு, கீபோர்டு தட்டல் என விதை சேர்க்க வழி இருக்கிறது. மூலையில் கிடக்கும் ரவுட்டருக்கு அதெல்லாம் ஏது? முதன்முறை ஆன் செய்த சில நொடிகளிலேயே, கையில் விதை சேராத நிலையில் சாவியைச் செய்துவிடுகிறது. ஒரே மாடல் ரவுட்டர்கள் ஒரே பகா எண்ணில் போய் நின்றது அப்படித்தான்.

அந்த ஆண்டே லினக்ஸில் இதற்குத் திருத்தம் வந்தது. சிப்புக்குள்ளேயே மின் இரைச்சலிலிருந்து எண் எடுக்கும் வசதியும் இன்று பரவலாகிவிட்டது. ஹாபி புராஜெக்ட்டுகளில் பிரபலமான ஈ.எஸ்.பி.32 சிப்பிலும் அது உண்டு. ஆனால் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் அணைந்திருந்து, வேறு இரைச்சல் மூலமும் இயங்காதபோது வரும் எண்களை முழுதாக நம்பக் கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடே எச்சரிக்கிறது.