சக்கரங்களின் கதை – 7: அம்மா ஓட்டிய சிவிக்

சென்ற வாரம் பார்த்த மினிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ராலி. பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் கைவைத்த மினி 1964-ல் மான்டி கார்லோ ராலியை வென்றபோது, தயாரித்த கம்பெனியே அதன் பின்னால் நின்றது. ஹோண்டா சிவிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அமெரிக்காவில் அதைப் பற்றிய எண்ணத்தை மாற்றியவர்கள், கையில் அதிகம் காசில்லாத பையன்கள்.

1973-ல் சிவிக் அமெரிக்காவுக்கு வந்த ஆண்டிலேயே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீள நீள, 1.2 லிட்டர் எஞ்சினும் ஐம்பது குதிரைத்திறனுமாக வந்த இந்தக் குட்டி வண்டிக்கு மவுசு கூடியது. 1975-ல் வந்த சிவிசிசி எஞ்சின், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாமலேயே அந்நாட்டின் கடுமையான புகை விதிகளில் தேறியது. சிவிக் என்றால் சிக்கனம், தொல்லை தராத வண்டி என்ற பேர் நிலைத்தது. வேகத்துக்காக அதை வாங்கியவர்கள் குறைவு.

அந்த வண்டிகள்தான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிய கார்டினா, டோரன்ஸ் போன்ற ஊர்களில் பிள்ளைகள் கைக்கு வந்தன. ஜப்பானியக் குடும்பங்களும் பிற ஆசியக் குடும்பங்களும் நிறைந்த பகுதி அது. வி-8 எஞ்சின் மஸ்டாங் வாங்க வசதியில்லை. அம்மா ஓட்டிய சிவிக் வாசலில் நிற்கிறது. அதில் கைவைத்தார்கள்.

கைவைக்க ஏற்ற வண்டியும்கூட. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எண்பதுகளின் கடைசியிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அந்த விலையில் யாரும் எதிர்பார்க்காதது. எல்லாவற்றையும்விட, ஹோண்டா இன்டெக்ராவின் எஞ்சின் பெரிய வெட்டு வேலை இல்லாமல் சிவிக்கில் உட்கார்ந்துவிடும். 1989-ல் ஜப்பானில் வந்த பி16ஏ எஞ்சின், டர்போ இல்லாமல் 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்தது. 1992-ன் மலிவு சிவிக்கில் இருந்ததோ 70. ஜப்பானில் பழைய வண்டிக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம் என்பதால், அதிகம் ஓடாத எஞ்சின்கள்கூடக் கழற்றப்பட்டுக் கப்பலேறி வந்தன.

அந்த பி16ஏ எஞ்சினுக்குள் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு வால்வுகளுக்குக் கேம்ஷாஃப்டில் மூன்று மேடுகள். நிதானமாக ஓட்டும்போது ஓரத்து மேடுகள் இரண்டும் வேலை செய்கின்றன. ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றைத் தாண்டியதும், ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளுகிறது. ராக்கர் ஆர்ம்கள் மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இனி நடுவிலுள்ள பெரிய மேடு சொன்னபடிதான் வால்வு திறக்கும். சட்டென்று குரல் மாறி, முனகிக்கொண்டிருந்த எஞ்சின் எட்டாயிரத்தை நோக்கி அலறிக்கொண்டு போகும். அந்த அலறலைக் கேட்ட பையனுக்கு அதன்பின் சிவிக் வெறும் சிக்கன வண்டியாகத் தெரிந்திருக்காது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாம்டேலின் கால் மைல் ஓடுதளத்தில் இந்தப் பையன்கள் இறங்கியபோது, மஸ்டாங்காரர்கள் ‘அரிசி’ என்று கேலி செய்தார்கள். அதில் இன வெறுப்பு இருந்ததை மழுப்ப எனக்கு மனமில்லை. பதில், ஓட்டம் முடிந்து கையில் வந்த நேரச் சீட்டில் இருந்தது.

2001-ல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ வந்தது. ஆரம்பக் காட்சியிலேயே அடியில் பச்சை விளக்கு எரியும் கறுப்பு சிவிக்குகள் ஒரு லாரியைக் கொள்ளையடிக்கின்றன. ஒரு வட்டாரத்தின் கைவேலை உலகம் முழுக்க ஃபேஷனானது. எஞ்சினைத் தொடாமல் பெரிய இறக்கையும் ஓட்டைச் சைலன்சரும் மாட்டிய வண்டிகள் தெருவை நிறைத்தன. உதிரி பாகங்களுக்கான பசியில் திருட்டும் கூடியது. அமெரிக்காவில் அதிகம் திருடுபோகும் கார்களின் பட்டியலில் சிவிக் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் இருந்தது. வேலைக்குப் போய்வர மட்டும் சிவிக் வைத்திருந்த எளிய மனிதர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். இந்தக் கலாசாரத்தை நேசிக்கும் யாரும் இதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

ஹோண்டா 1997-லேயே ஜப்பானில் 185 குதிரைத்திறன் சிவிக் டைப்-ஆரை விற்றது. அமெரிக்காவுக்கு டைப்-ஆர் சிவிக் வர 2017 ஆயிற்று. 306 குதிரைத்திறன், முப்பதாயிரம் டாலருக்கு மேல் விலை. வாங்கியவர்களில் பலர் அந்தப் பழைய பையன்களின் வயதுக்காரர்கள். தொண்ணூறுகளின் ஹேட்ச்பேக்கில் யாரும் கைவைக்காத ஒன்று கிடைத்தால், அதற்கும் இப்போது சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

(தொடரும்)