ரத்தத்தோடு வரும் இரும்பு

ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மனித உடம்பு ஒரு நாளில் இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கூடுதலாக வந்த இரும்பை வெளியே அனுப்ப நம் உடம்பில் வழியே கிடையாது. மாதம் இரண்டு பை ஏற்றிக்கொள்ளும் எனக்கு ஓராண்டில் சேர்வது ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் மொத்தமாகவே மூன்று, நான்கு கிராம் இரும்புதான் இருக்கும்.

எனக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இருவர் உடம்பிலும் இந்தக் குறையின் மரபணு இருந்தது, இருவருக்கும் அது தெரியாது. கைக்குழந்தையிலேயே வெளுத்துப்போய்க் கிடந்த எனக்கு அன்று ஏற்றத் தொடங்கிய ரத்தம் இன்றும் தொடர்கிறது. இப்போது தரமணியில் வேலை. வி.எச்.எஸ். மருத்துவமனையும் அதன் வளாகத்து ரத்த வங்கியும் பக்கத்திலேயே இருப்பதால் ரத்தம் ஏற்றும் நாளில் லேப்டாப்பும் கூடவே வரும்.

தேங்கும் இரும்பு கல்லீரலில் படியும். பிறகு கணையம், பிட்யூட்டரி சுரப்பி, இதயம். பிள்ளை வளராது, பருவத்துக்கு வராது, சர்க்கரை நோய் வரும், கடைசியில் இதயம் தளரும். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிய பிள்ளைகளை அந்த ரத்தத்தின் இரும்பே கொண்டுபோன காலம் இருந்தது. அதை மாற்றியது கீலேஷன். நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல இந்த மருந்து உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, சிறுநீரிலோ மலத்திலோ வெளியேறிவிடும். உலோகத்துக்கு ஏற்ப மருந்து மாறும். வில்சன் நோயில் சேரும் தாமிரத்துக்குப் பெனிசிலமைன், ஈயத்துக்கு சக்சிமர். ஆர்சனிக் கலந்த விஷவாயுவை முறிக்க இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கியதுதான் பி.ஏ.எல். என்ற ஊசி மருந்து.

என் குழந்தைப் பருவத்தில் இரும்புக்கு இருந்தது டெஸ்ஃபெரால் ஒன்றுதான். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த மருந்து அது. விழுங்கினால் வேலை செய்யாது. வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன ஊசி, அதிலிருந்து மெல்லிய குழாய், குழாயின் முனையில் கைக்கடக்கமான பம்ப். எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், வாரத்தில் ஐந்தாறு இரவு. அம்மா பம்பைத் துணிப்பையில் போட்டு என் இடுப்பில் கட்டிவிடுவாள். புரண்டு படுத்தால் வலிக்கும். விடியும்போது ஊசி குத்திய இடம் கெட்டிதட்டிச் சிவந்திருக்கும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அதைப் பார்த்து அம்மா, "இரும்பு போகுதுடி கண்ணு" என்று சந்தோஷப்படுவாள்.

1990-களின் நடுவில் சிப்லா நிறுவனம் கெல்ஃபர் என்ற பெயரில் டெஃபெரிப்ரோனை இந்தியாவில் கொண்டுவந்தது. அமெரிக்கா அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது 2011-இல்தான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வாயால் விழுங்கும் மருந்து பெரிய விடுதலை. ஆனாலும் மூட்டு வலித்தது. வெள்ளணுக்கள் திடீரென்று குறைந்துவிடலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இப்போது எடுப்பது டெஃபெராசிராக்ஸ். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸில் மாத்திரையைப் போட்டுக் கலக்குவேன். அது கரையாது, வெள்ளையாகக் கலங்கி நிற்கும், அவ்வளவுதான். குடித்த பிறகு அடியில் தங்கும் வண்டலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதையும் குடித்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. மாதாமாதம் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை. ஆண்டுதோறும் கண், காது, கூடவே இதயத்தில் படிந்த இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு எனக்கு ஒருகாலத்தில் 4,000-ஐத் தாண்டியிருந்தது, இப்போது 1,000-க்குப் பக்கத்தில் நிற்கிறது.

இவ்வளவு கண்காணிப்போடு கொடுக்கிற மருந்தை 'டீடாக்ஸ் டிரிப்' என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று போன அலுவலகத் தோழி ஒருத்திக்கு, பாதரசமும் ஈயமும் ஏறியிருப்பதாக ஒரு கிளினிக்கில் ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள்.

"சிறுநீர் எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது கேப்ஸ்யூல் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, முந்தின நாள் ராத்திரி."

தப்பு அங்கேதான். எல்லோர் உடம்பிலும் துளித்துளியாகச் சில உலோகங்கள் இருக்கும். கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை எடுத்தால் யாருக்கும் அளவு எகிறத்தான் செய்யும். மருந்து எடுக்காதவர்களுக்கான அளவோடு அதை ஒப்பிட்டு 'விஷம்' என்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் நச்சியல் மருத்துவர்கள் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முறையான பரிசோதனையில் தோழிக்கு இருந்தது தைராய்டு குறைவு.

கீலேஷன் மருந்தைத் தவறாகக் கொடுத்து உயிரே போயிருக்கிறது. கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்பது ஈய நஞ்சுக்கான மருந்து. பெயரில் 'கால்சியம்' இல்லாத டைசோடியம் இ.டி.டி.ஏ.யை ஏற்றினால் அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தை உறிஞ்சி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். 2003-லிருந்து 2005-க்குள் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இப்படி இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு இருந்தது ஆட்டிசம், அதற்கு இந்த மருந்தே தேவையில்லை. கீலேஷன் மாரடைப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை.

பழைய பேட்டரி உருக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ, பெயின்ட் உதிரும் பழைய வீட்டிலோ வளரும் குழந்தைக்கு ஈயம் ஏறியிருக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு ரத்தத்தில்தான் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கீலேஷன் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அதைச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்துக் குழந்தையை அதே வீட்டுக்கு அனுப்பினால், சில வாரங்களில் ஈயம் மறுபடியும் ஏறிவிடும்.